நீ பார்க்காத நாடி

என்னை மறுத்துப் பேசுவதற்கென்றே எனக்கு முன்னால் பிறந்த அன்பு அண்ணா,

உன் முதலாண்டு நினைவு நாளுக்கு, உன்னிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டவர்கள் சேர்ந்து ஒரு சிறு மலர் அச்சிடுகிறார்கள். தம்பி என்ற முறையில் உன் கைராசியைப் பற்றி நான் எழுதித் தர வேண்டும் என்றார்கள். எனக்கு நேரில் தெரிந்ததை மட்டுமே எழுதுவேன் என்று சொல்லிவிட்டேன். எனக்கு நேரில் தெரிந்தது உன் கைராசி அல்ல, உன்னால் எனக்கு நேர்ந்த அலைச்சல். இவர்கள் இதை அச்சிடாமல் திருப்பித் தந்தாலும் தரட்டும். உனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்ட நிம்மதியாவது எனக்கு மிஞ்சும்.

அண்ணியின் உடல்நிலையைத்தான் எழுதப்போகிறேன். பொதுவில் எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "எழுதுங்க தம்பி, எனக்கு இன்னா வெக்கம்" என்றார். ஆகவே அவர் சம்மதத்துடன் எழுதுகிறேன்.

நீ போன பிறகு அண்ணிக்கு இருமல் அதிகமாகிவிட்டது. முதலில் விடியற்காலத்தில் மட்டும் வந்தது, பிறகு பகலிலும். வலப்பக்கம் திரும்பிப் படுத்தால் குத்துகிறது என்றார். கோரமண்டல் ஸ்டேஷனிலிருந்து வீடு வரும் அந்தச் சின்ன ஏற்றத்தில் பையைக் கீழே வைத்துவிட்டு நின்று நின்று வந்தார். ரவிக்கையின் தோள் தொளதொளவென்று ஆகிவிட்டதை என் மனைவி பார்த்து வந்து சொன்னாள். எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்துவிடலாம் அண்ணி என்று நான் சொன்னபோது அவர் கொடுத்த பதில் இது: "நுரையீரல் துக்கத்தோட வூடு தம்பி. துக்கம் போனா இருமல் போயிடும். உங்க அண்ணன் சொல்லிகினே இருப்பாரே."

உன் பேச்சு எங்கே போய் நின்றது பார்த்தாயா அண்ணா?

உன்னை அறியாதவர்களும் இந்த மலரைப் படிக்கக்கூடும் என்பதால் சிலவற்றை முறையாகச் சொல்லிவிடுகிறேன். நீ கோலார் தங்கச் சுரங்கத்தில் கேஜுக்கு மணி அடிக்கும் வேலையில் இருந்தாய். ஆட்களை ஏற்றி இறக்கும் அந்தக் கூண்டு உன் மணிக்குத்தான் நகரும். சுரங்கத்தை மூடியபின் வேலூருக்குப் போய் வந்து சீன வைத்தியம் கற்றாய். குவார்ட்டர்ஸின் முன்னறையில் அண்ணியின் பழைய சேலையைத் திரையாகக் கட்டி, அதற்குப் பின்னால் நாடி பார்த்தாய், நாக்கு பார்த்தாய், மயிரிழை போன்ற ஊசிகளை வைத்தாய். திரைக்கு வெளியே ஸ்டூல் போட்டு அண்ணி உட்கார்ந்திருப்பார். வருகிறவர்களுக்கு வரிசைப்படி டோக்கன் கொடுத்து, குடிக்கத் தண்ணீரும் கொடுப்பார்.

மனமும் உடம்பும் தனித்தனி அல்ல என்பது அந்த வைத்தியத்தின் அடிப்படை. கல்லீரலில் கோபம், மண்ணீரலில் ஓயாத யோசனை, சிறுநீரகத்தில் பயம், நுரையீரலில் துக்கம் என்று ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் உணர்ச்சியைச் சொல்வாய். உணர்ச்சி உறுப்பைக் கெடுக்கும், உறுப்பு கெட்டால் அந்த உணர்ச்சியே பெருகும் என்பாய். வலது மணிக்கட்டில் மூன்று விரல் வைத்தால், கட்டைவிரலை ஒட்டிய முதல் விரலுக்கு அடியில் நுரையீரல் பேசும் என்பாய். பேசும் என்ற சொல்லுக்கே நான் ஆட்சேபம் தெரிவிப்பேன். நீ சிரிப்பாய்.

உனக்கு அந்த நம்பிக்கை புத்தகத்திலிருந்து வரவில்லை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஒருமுறை கீழே ஏர்பிளாஸ்ட் அடித்து, பாறை தானாக வெடித்துச் சிதறியபின், நீ மணி அடித்து மேலே ஏற்றிய ஆட்களில் ஊரே அஞ்சும் ஒரு சண்டியரும் இருந்தார். அவருடைய கால்சட்டை நனைந்திருந்தது. கேஜில் இருந்த ஒருவரும் சிரிக்கவில்லை என்று சொல்வாய். "அவருக்குக் கிட்னில இன்னாடா நோவு? பயம் கீழ எறங்கிச்சி, அவ்ளோதான். நான் கண்ணால பாத்தவன்டா" என்பாய். கண்ணால் பார்த்த சாட்சியை எப்படி அசைப்பது?

ஆனால் அதே அளவுகோலை நீ நம் அப்பாவின் மார்பிலும் வைத்தாய். அம்மா இறந்த துக்கம்தான் அவர் மூச்சைக் குடித்தது என்றாய். அவர் நுரையீரலில் இருந்தது கல்தூசி. தொழிலாளிகளின் நுரையீரலில் தூசி இருந்தது என்று நிரூபிப்பதற்காகவே நான் ராபர்ட்சன்பேட்டை கோர்ட்டில் கருப்பு கவுன் போட்டவன். பீடியால் வந்தது, வயதால் வந்தது, பரம்பரையால் வந்தது என்று எதிர்த்தரப்பு சொல்லாத காரணம் இல்லை. அந்தப் பட்டியலில் துக்கம் ஒன்றுதான் விடுபட்டிருந்தது. அதையும் என் சொந்த அண்ணனே சேர்த்துக் கொடுத்தால் எதிர்த்தரப்பு வக்கீல் உனக்கு மாலை போடமாட்டாரா? இப்படிக் கேட்டபோதெல்லாம் நீ சொன்னது ஒன்றுதான்: "ரெண்டும் இருக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துலடா கீது?"

அந்த வாதம் முடியவில்லை. காலை ரயிலுக்குப் புறப்பட்டவன் வாசலில் செருப்பு மாட்டும்போதே மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாய். வழக்கு நிலுவையில் இருக்கும்போதே ஒரு தரப்பு இறந்துபோனால் சட்டத்தில் வாரிசைச் சேர்ப்பார்கள். உன் வாதத்துக்கு அண்ணி வாரிசாக வந்து நிற்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

எனக்கு அண்ணியின் இருமலைப் பற்றி ஒரு தீர்மானம் இருந்தது. நம் ஊரில் காற்றுக்காலம் வந்தால், தங்கம் பிரித்தெடுத்தபின் கொட்டிக் குவித்த சயனைடு மண்மேட்டிலிருந்து வெள்ளைத் தூசி கிளம்பி, காயப்போட்ட துணி, மூடாத சோறு எல்லாவற்றிலும் படிகிறது. அந்த மேட்டுக்கு எதிரில்தான் அண்ணி இத்தனை காலமாகத் துணி உலர்த்துகிறார். அதற்கு முன்னால் உன் ஷிப்ட் துணியை உதறித் துவைத்தவரும் அவர்தான். ஆகவே தூசி. இதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

முதலில் காலவரிசையை எடுத்துவைத்தேன். "அண்ணி, இந்த இருமல் அண்ணன் போறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சது. தீபாவளிக்கு வந்தப்பவே நீங்க இருமினீங்க. துக்கம் பின்னாடி வந்தது. பின்னாடி வந்தது முன்னாடி வந்ததுக்குக் காரணமாகுமா?" என்றேன். கோர்ட்டில் இதற்குப் பதில் இல்லை. அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு, "துக்கம் எப்ப வந்துதுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். நான் அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அக்கம்பக்கத்தினர் வேறு. ஒருவர் திருப்பத்தூரில் ஒரு ஆளைச் சொன்னார், தொட்டாலே சரியாகிவிடுமாம். இன்னொருவர் துக்கத்தை அழுது தீர்க்கச் சொன்னார். படம் எடு என்று சொன்னவன் நான் ஒருவன்தான், வீட்டில் எரிச்சலான மனிதன் என்று பெயர் எடுத்தவனும் நான்தான். வாய்தா வாய்தாவாக நாள் போயிற்று. அண்ணியின் மூச்சு குறைந்துகொண்டே வந்தது. அந்தக் கோபத்தை உன்மீது காட்டாமல் நான் யார்மீது காட்டுவேன்?

அப்போதுதான் எனக்கு ஒரு சாட்சி கிடைத்தார். கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் செல்வம், இருமலுக்கு உன்னிடம் வந்த பழைய நோயாளி. குக்கருக்கு வளையம் வாங்கப்போன இடத்தில் உன் பேச்சு வந்தது. உன் ஊசியால்தான் இருமல் நின்றதா என்று, குறுக்கு விசாரணை செய்கிற குரலில்தான் கேட்டேன்.

"ஊசியா? எனக்கு எங்க வெச்சாரு" என்றார் செல்வம். "கைய புடிச்சாரு, நாக்க நீட்டச் சொன்னாரு. அப்புறம் ஒரே பேச்சு. 'உன் துக்கத்த நான் பாத்துக்கறேன், மொதல்ல போய்ப் படம் எடுத்துக்கினு வா'ன்னாரு. நான் போவலன்னு தெரிஞ்சி மக்காநாள் அவரே வந்து பஸ் ஏத்தி உட்டாரு சார். வியாபார நேரத்துல. எனக்கு வந்த கோவத்துக்கு கல்லீரலே வெந்துபோச்சி."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ இப்படிச் செய்பவன் என்று என்னிடம் ஏன் ஒருநாளும் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் நம் சண்டையில் பாதி குறைந்திருக்குமே. அல்லது குறைந்துவிடும் என்பதற்காகத்தான் சொல்லவில்லையா?

குக்கர் வளையத்தை மறந்துவிட்டு நேராக உன் வீட்டுக்கு வந்தேன். வழக்கு முடிந்தது என்றே நினைத்தேன். உன் வாயாலேயே உனக்கு எதிரான சாட்சியம் கிடைத்திருக்கிறது அல்லவா? செல்வம் சொன்னதை ஒரு சொல் விடாமல் அண்ணியிடம் சொன்னேன். அண்ணனே படத்தைத்தான் முதலில் எடுக்கச் சொல்லியிருக்கிறார், அவர் பேச்சை மதிப்பதென்றால் நீங்கள் நாளைக்கே வர வேண்டும் என்று முடித்தேன்.

அண்ணி உன் அறையில்தான் இருந்தார். திரையை இன்னும் எடுக்கவில்லை. தன் ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தார். இருமி முடித்துவிட்டு, நிதானமாகச் சொன்னார்:

"அது செல்வத்தோட கைய புடிச்சிப் பாத்து, செல்வத்துக்குச் சொன்னது தம்பி. என் கைய அவரு எப்பப் புடிச்சாரு?"

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். நீ வீட்டு மனுஷர்களுக்கு நாடி பார்ப்பதில்லை. பெண்டாட்டி கையைப் பிடித்தால் தன் மனசும் சேர்ந்து துடிக்கும், எது அவள் நாடி, எது தன் நாடி என்று பிரித்துச் சொல்ல முடியாது, பிரிக்க முடியாதவன் பார்க்கக் கூடாது என்று ஒரு விதி வைத்திருந்தாயாம். உனக்குப் பாடம் சொன்னவரே சொல்லிக்கொடுத்த விதியாம். உடம்புக்கு முடியாதபோது ஓர் ஊசிகூட அண்ணிக்கு வைத்ததில்லை.

"ஊர்ல எத்தனி பேரு கைய புடிச்சிகினு கண்ண மூடிகினு உக்காந்திருப்பாரு. நான் திரைக்கு இந்தப்பக்கம் அடுத்த டோக்கனக் கூப்புட காத்துகினு இருப்பேன். எனக்கும் ஒருவாட்டி புடிங்களேன்னு கேட்டா, 'உனக்கு இன்னா, நல்லாதான் கீற'ம்பாரு. துக்கம் எப்ப வந்துதுன்னு உங்களக் கேட்டேனே, அப்ப வந்துது."

அண்ணா, நான் என்ன செய்ய முடியும்? நுரையீரல் துக்கத்தின் வீடு என்று நீ அண்ணிக்குச் சொன்னதே இல்லை. வேறு யாருக்கோ, வேறு யாருடைய நாடியையோ பார்த்துச் சொன்னதைத் திரைக்கு இந்தப்பக்கமிருந்து கேட்டு, அவர் தனக்குப் பொருத்திக்கொண்டார். ஒரு வழக்கில் சொன்ன தீர்ப்பு அந்த வழக்கில் இல்லாதவரைக் கட்டுப்படுத்தாது, செவிவழிச் சாட்சியம் செல்லாது என்று எனக்குத் தெரியும். அண்ணியிடம் அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லவில்லை. அவருக்குக் கிடைத்ததே அந்தச் செவிவழி ஒன்றுதான் என்றால், அதையும் செல்லாது என்று சொல்ல நான் யார்?

உன் விதியை நான் யோசித்துப் பார்த்தேன். அது நேர்மையான விதி. தன் உறவினர் வழக்கை நீதிபதி விசாரிக்கமாட்டார், வேறு நீதிபதிக்கு மாற்றுவார். சரி, மாற்றினாயா? அண்ணியை வேறு யாரிடமாவது அனுப்பினாயா? விசாரிக்கவும் இல்லை, மாற்றவும் இல்லை, கோப்பை அப்படியே வைத்துவிட்டாய். மனமும் உடம்பும் ஒன்று என்று ஊருக்கெல்லாம் சொன்னவன், கூட இருந்த ஒருத்தியின் கையைத் தொடாததும் அவள் உடம்பில் எங்கேயாவது போய் உட்காரும் என்று ஏன் யோசிக்கவில்லை? உன் வைத்தியத்தை நீயே நம்பியிருக்கலாமே அண்ணா.

மறுநாள் அண்ணி கோலார் ஆஸ்பத்திரிக்கு வரச் சம்மதித்தார். நான் வாதத்தில் வென்றதனால் அல்ல. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டதனால் இருக்கலாம். என் மனைவியும் கூட வந்தாள். பங்காருபேட்டையில் இறங்கி பஸ் ஏறினோம்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டரம்மா. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் கலந்து பேசுகிறவர். அண்ணியின் விரலில் ஒரு கிளிப்பை மாட்டினார்கள், அதில் எண்கள் ஓடின. டாக்டரம்மா எண்ணைப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார், படத்துக்குச் சீட்டு எழுதினார். எல்லாம் முறைப்படிதான் நடந்தது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அண்ணி எழுந்திருக்கவில்லை. கிளிப்பைக் கழற்றிய கையை மடியில் மல்லாத்தி வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். அந்தக் கையைப் பார்த்ததும், நான் ஒருநாளும் செய்யாத ஒன்றைச் செய்தேன். காரணம் காட்ட முடியாத ஒரு கோரிக்கையை வைத்தேன்.

கையால் ஒருமுறை நாடி பாருங்கள் என்றேன்.

"யாகே சார், எதுக்கு? இதுலயே பல்ஸ் காட்டுதில்ல?" என்றார் அவர்.

"காட்டுது. இவங்க வீட்டுக்காரர் நாடி பாக்கறவரு. ஊருக்கே பாத்தாரு. இவங்களுக்கு மட்டும் பாக்கல."

நான் பிடிக்கலாம் என்றால் கொழுந்தன் பிடிக்கும் கை அல்ல அது. பிடித்தாலும் எனக்கு என்ன தெரியும்? டாக்டரம்மா என்னைப் பார்த்தார், பிறகு அண்ணியைப் பார்த்தார். வெளியே கூட்டம் கதவைத் தள்ளிக்கொண்டிருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அண்ணியின் வலது கையை எடுத்தார்.

"அப்டி இல்லம்மா. மூணு வெரலு வையுங்க. கட்டவெரலு பக்கத்துலேர்ந்து" என்றார் அண்ணி.

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விரலை மாற்றி வைத்தார். "இதுல எனக்கு என்னம்மா தெரியணும்?" என்று கேட்டார்.

"உங்களுக்கு ஒண்ணும் தெரிய வேணாம். கொஞ்ச நேரம் புடிங்க, போதும்."

பிடித்தார். பிறகு கேட்காமலேயே இடது கையையும் பிடித்தார். அண்ணி கண்ணை மூடிக்கொண்டார். உன் காரியத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் அழச்சொல்லியும் அழாதவர், அங்கே அழுதார். அழுது முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எங்க தம்பி படம் எடுக்கறது?" என்றார்.

படத்தில் வலது நுரையீரலைச் சுற்றி நீர் கட்டியிருந்தது. எடுத்துச் சோதித்தார்கள். காசநோய். மாத்திரையில் தீரக்கூடியது, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கஷ்டம் என்றார் டாக்டரம்மா. இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள் என்று என்னைத்தான் திட்டினார். உன் பங்குக்கும் சேர்த்து வாங்கிக்கொண்டேன்.

கவனித்தாயா? நீ துக்கம் என்றிருப்பாய். நான் தூசி என்று சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன். இரண்டும் இல்லை, ஒரு கிருமி. என் வாழ்நாள் வாதத்தின் பழக்கத்தில் நான் அண்ணியின் மார்பில் அப்பாவின் தூசியைத் தேடினேன் என்பது அந்தப் படத்தின் முன் நின்றபோது தெரிந்தது. மகிழ்ச்சியான உணர்வு அல்ல அது.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. டாக்டரம்மா அடுத்ததாக, "ஊட்டா எப்போலேர்ந்து சரியா பண்றதில்ல? சாப்பாடு, தூக்கம் போனா உடம்புல எதிர்க்கிற சக்தி போயிடும், உள்ளே சும்மா கிடக்கிற கிருமி எழுந்துக்கும்" என்று அண்ணியைக் கேட்டார். அண்ணி என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை உன்னுடையது. டாக்டரம்மாவின் இந்தக் கூற்றை உன் கொள்கைக்கு ஆதரவான சாட்சியமாக நீ எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதை இங்கே தெளிவாகப் பதிவு செய்கிறேன். பட்டினி வேறு, துக்கம் வேறு. பட்டினிக்குக் காரணம் எது என்று நீ கேட்பாய். கேட்க நீ இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. கோபம் எந்த உறுப்பில் உட்காரும் என்று எனக்குத் தெரியும், சொல்லவேண்டாம்.

இப்போது அண்ணி மாத்திரை சாப்பிடுகிறார். ஏற்றத்தில் நிற்காமல் வருகிறார். நேற்று மீன்குழம்பு வைத்து, இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டதாக என் மனைவி சொன்னாள். உன் அறைத் திரையைக் கழற்றித் துவைத்துவிட்டார். மறுபடி கட்டவில்லை.

அண்ணா, ஓர் உறுதி தருகிறேன். நான் எதையும் லேசில் உறுதி கூறுகிறவன் அல்ல என்பது உனக்குத் தெரியும். மாத்திரை முடிகிறவரை ஒவ்வொரு தடவையும் அண்ணியைக் கோலாருக்கு நானே அழைத்துப்போவேன். எண்ணைப் பார்க்கும் முன், சீட்டு எழுதும் முன், அந்த டாக்டரம்மா முதலில் கையைப் பிடிக்க வேண்டும் என்று கேட்பேன். ஏன் என்று யார் கேட்டாலும், இன்னும் என்னிடம் காரணம் இல்லை என்றே சொல்லிக் கேட்பேன். நீ மாற்றாமல் வைத்துவிட்டுப்போன கோப்பை நான் எடுத்துக்கொண்டேன். அப்பாவின் நுரையீரலைப் பற்றிய நம் வழக்கு மட்டும் அப்படியே நிலுவையில் இருக்கட்டும், அதில் நான் ஒரு சொல்லும் விட்டுக்கொடுக்கவில்லை.

உன் வாதத்தை ஏற்காமலே உன் பாக்கி வேலையை ஏற்றுக்கொண்ட,
உன் உடன்பிறந்த தம்பி,
கோவிந்தராஜ்